ஆறு மணிச் சங்கு

சரியாக மாலை ஐந்து ஐம்பது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. ஃபேக்டரிச் சங்கு மூன்று முறை ஊதி ஓய்ந்தது. நான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். சங்கு தப்பாது, கடிகாரம்தான் பத்து நிமிஷம் பின்தங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை விரலால் தள்ளிப் பன்னிரண்டில் நிறுத்தினேன். பிறகு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயைப் பார்க்கப் போனேன்.

அந்த நேரத்தில் எங்கள் பெண் பதினொன்றாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே, குறுக்குப் பாதையில், கழுத்து வரை மண்ணுக்குள் இருந்தாள். சங்கு அவளுக்காகத்தான் ஊதியது. ஊதியவர் அவளுடைய அப்பா.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கடிகாரத்தை நான் மாட்டி வைக்கவில்லை. பரணில் கிடக்கிறது. இதை எழுத உட்காரும்போதெல்லாம் அன்றைய மழையிலிருந்து தொடங்கத்தான் பார்க்கிறேன். முடிவதில்லை. எங்கள் எம்.எல்.ஏ.விடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மழைக்கு அதில் பங்கு குறைவு.

எங்கள் எம்.எல்.ஏ.வை முதலில் ஒரு ஜீப்பாகத்தான் எங்களுக்குத் தெரியும். குந்தா, பிக்கட்டி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை வாங்கிச் சாக்கில் கட்டி, தனியார் ஃபேக்டரிகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் ஏஜெண்டு. கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தே அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம் எவ்வளவு பயம் இருக்கிறது என்பதையும் அப்படித்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் அவருக்குக் கொள்கை என்று எதுவும் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொள்கை அவருக்குக் கிடைத்தது ஒரு தண்ணீர்க் குழாயடியில்.

ஒரு நாள் காலையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஏதோ ஒரு லயன் வழியாக ஜீப்பில் போனபோது, குழாயடியில் நைட்டி போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். வண்டியை நிறுத்தி இறங்கினார். உங்கள் அம்மாமார் இப்படித்தான் தண்ணிக்கு வந்தாங்களா என்று கேட்டார். அதில் வயதான ஒருத்தி, எங்கம்மா தண்ணிக்கு ஆத்துக்குப் போனாங்க, நீங்க கொழாயப் போட்டுக் குடுத்தீங்களா என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பதில் பத்து லயன் தாண்டிப் பரவியது. அவருடைய கேள்வியோ கோயில் கமிட்டிவரைக்கும் பரவியது. அடுத்த மாதமே கமிட்டித் தலைவர் ஆகிவிட்டார். நைட்டிக்கு எதிராகப் பேசி ஒருவர் தலைவராக முடியும் என்பது அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கும்.

பிறகு வேகமாகத்தான் வளர்ந்தார். தோட்டத்து மைதானத்தில் பெண் பிள்ளைகள் த்ரோபால் ஆடுவது நின்றது. ரிக்ரியேஷன் கிளப்பில் சனிக்கிழமைப் படம் நின்று பஜனை வந்தது. பஜனைக்கு ஆள் வராததால் அதுவும் நின்று, கிளப்பில் ஒரு பூட்டு மட்டும் மிஞ்சியது. அதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். தேர்தல் வந்தபோது கட்சி அவரைத் தேடி வந்ததா, அவர் கட்சியைத் தேடிப் போனாரா தெரியாது. வேட்டி மட்டும் பளீரென்று வெளுத்துவிட்டது. பண்பாட்டைக் காப்பேன் என்று ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டு போனார். ஜெயித்தார்.

அவர் ஜெயித்த நேரமும் தேயிலை விழுந்த நேரமும் ஒன்று. பச்சைத் தேயிலை விலை, கொழுந்து கிள்ளுகிற கூலிக்குக்கூடக் காணாது என்ற நிலைக்கு வந்தது. சிறு விவசாயிகள் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினார்கள். காலேஜ் பஸ் அந்தக் கொழுந்தின் மேல் ஏறிப் போகும்போது சக்கரத்திலிருந்து பச்சை வாசனை எழும் என்று என் பெண் சொல்வாள். எங்களுடையது கம்பெனித் தோட்டம், குன்னூருக்குக் கீழே. அங்கேயும் ஃபேக்டரி வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஓடியது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, ஊட்டியில் காலேஜில் படித்தாள்.

ரோட்டில் கொழுந்து கொட்டிக் கிடந்த இடத்துக்கு எம்.எல்.ஏ. ஒருமுறை வந்தார். ரஷ்யாக்காரன் வாங்கவில்லை, டெல்லிக்காரன் கேட்கவில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார். கூட்டம் அசையாமல் நின்றது. விலையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு நாக்கு வறண்டுபோவதை அன்றைக்கு நேரிலேயே பார்த்தேன். அப்போது ரோட்டில் ஒரு வேன் வந்தது. திருப்பூர் பனியன் மில்லுக்கு வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன். தேயிலையில் வேலை இல்லாமல் போனதும் லயனுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று கிளம்பியிருந்தார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகளே அதில் பாதிப் பேர். வேனைப் பார்த்ததும் எம்.எல்.ஏ.வுக்கு உயிர் வந்தது. விரலை நீட்டி, வெல இன்னைக்கு எறங்கும் நாளைக்கு ஏறும், அதா போகுது பாருங்க மானம், அது போனாத் திரும்பி வருமா என்றார். கூட்டம் கை தட்டியது. அந்தக் கூட்டத்தில் தங்கள் பிள்ளையை அதே வேனில் ஏற்றிவிட்டு வந்த அப்பாக்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் தேயிலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. தேயிலை அவர் சொல்வதைக் கேட்காது. பெண் பிள்ளைகள் கேட்பார்கள்.

இங்கே என் பங்கைச் சொல்லியாக வேண்டும்.

நான் பயந்த சுபாவம். கல்யாணமான பிறகு அல்ல, பெண் பிறந்த பிறகு வந்த பயம். அவள் பஸ் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் என் வயிற்றில் ஒரு நூல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபேக்டரி ஒழுங்காக ஓடிய காலத்தில் காலையில், மதியத்தில், சாயங்காலத்தில் என்று சங்கு ஊதும். தோட்டம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு எழுந்து, சாப்பிட்டு, அடங்கும். ஃபேக்டரி நின்ற நாட்களில் சங்கும் இல்லை. பனி இறங்கிவிட்டால் மூன்றரைக்கும் ஆறரைக்கும் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் எந்த நேரத்துக்கோ வந்தார்கள். எனக்கு அது ஆகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டுமாவது சங்கு ஊத வேண்டும், பெண் பிள்ளைகள் அதற்குள் வீடு வந்துசேர வேண்டும் என்று தாய்மார்கள் சார்பில் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு எழுதலாம் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் சொன்னபோது, எழுதிக் கொடுக்க என்னைத்தான் தேடி வந்தார்கள். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: மாலை ஆறு மணி என்பது ஒரு குடும்பத்தின் மானம் வீடு திரும்பும் நேரம்.

ஆறு வாரம் கழித்து எம்.எல்.ஏ. சட்டசபையில் பேசினார். அந்த ஐந்து வருஷத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பச்சைத் தேயிலை விலை பற்றி இல்லை. மலை மாவட்டத்தின் பண்பாடு பற்றி. அதில் என் வாக்கியம் அப்படியே இருந்தது, அவருடைய வாக்கியமாக. பேச்சைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். நான் என் வாக்கியத்துக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, பீரோவின் உள்பக்கக் கதவில் ஒட்டி வைத்தேன். என் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கொழுந்துக்கு வெல கேட்டா சங்கு குடுக்கறாரு ஆறு மணி மாமா. நல்ல ஏவாரந்தான், அம்மா.”

ஆறு மணி மாமா என்ற பெயர் அவள் வைத்தது. காலேஜ் பஸ் முழுக்க அதுதான் பெயர். அவளை வாயை மூடச் சொன்னேன்.

சங்கைத் தொடங்கி வைக்க எம்.எல்.ஏ.வே ஃபேக்டரிக்கு வந்தார். மேனேஜர் வாசல் வரைக்கும் வந்து கூட்டிப்போனார். அந்தச் சமயத்தில் மேனேஜரைப் பார்க்க வருகிற எல்லாரும் கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு எம்.எல்.ஏ. வந்து சங்கு மட்டும் கேட்டால் எந்த மேனேஜர் இல்லையென்பார்? பொத்தான் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். எத்தனை முறை ஊத வேண்டும் என்று கேட்டார். மூன்று என்றார் எம்.எல்.ஏ. ஒன்று பெண் பிள்ளைகளுக்கு, ஒன்று தாய்மார்களுக்கு, ஒன்று வீட்டில் விளக்கேற்ற.

எங்கள் தோட்டத்தில் வேலைக்கு ஒரே சங்குதான், நீளமாக. மூன்று முறை விட்டு விட்டு ஊதினால் அதற்கு வேறு வேலை. தீ, மண்சரிவு, லயனுக்குள் காட்டெருமை. மூன்று கேட்டால் சாப்பாட்டுத் தட்டைக்கூட மூடாமல் ஆண்கள் மண்வெட்டியும் டார்ச்சுமாக ஃபேக்டரி வாசலுக்கு ஓட வேண்டும், பெண்கள் கம்பளியும் சுடுதண்ணீரும் எடுத்து வைக்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

“ஐயா, மூணு ஊதுனா இங்க ஆபத்துன்னு அர்த்தம்ங்க. சனங்க மம்பட்டி எடுத்துட்டு ஓடியாந்துருவாங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

எம்.எல்.ஏ. அவர் தோளில் கையைப் போட்டார். “ஏனுங்க ஃபிட்டரு, வயசுப் புள்ள இருட்டுனப்பறம் வெளிய நிக்கறதவிடப் பெரிய ஆபத்து என்னங்க இருக்குது?”

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். கை தட்டினேனா என்று நினைவில்லை, தட்டியிருப்பேன். நிஜமான ஆபத்து வந்தால் எப்படி ஊதுவது என்று என் வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். வரட்டும், அப்பப் பாத்துக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். அன்று சாயங்காலம் மூன்று சங்கு கேட்டு நாலைந்து பெரியவர்கள் பழக்கத்தில் மண்வெட்டியோடு ஓடிவந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து ஊரே கேலி செய்தது. அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லை.

ஆறு மணிச் சங்கு ஓய்ந்ததும் எங்கள் லயன் வாசலில் கமிட்டிப் பையன்கள் நிற்பார்கள். சங்குக்குப் பிறகு வரும் பிள்ளைகளை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கோயில் மைக்கில், பெயர் சொல்லாமல், வீட்டு நம்பரை மட்டும் சொல்வார்கள். இந்த வாரம் நேரம் தவறிய வீடுகள் என்று. ஐப்பசி தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு நம்பர் வந்தது. பஸ் லேட், வேறு ஒன்றுமில்லை. ஆனால் மைக்கில் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் வராது. நான் சாமி கும்பிடாமலேயே வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன். ரோடு வழியாக நடந்தால் முப்பது, முப்பத்தைந்து நிமிஷம். பதினொன்றாம் நம்பர் காட்டுக்குக் கீழே குறுக்குப் பாதையில் ஏறினால் கால் மணி நேரம். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் யாரும் போக மாட்டோம். தடுப்புச் சுவர் இரண்டு இடத்தில் வயிறு தள்ளி நின்றது. கம்பெனி சரி செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். தேயிலை விழுந்த காலத்தில் யார் சுவரைப் பார்ப்பார்கள்?

“இனிமே பஸ் லேட்டானாக் குறுக்குல வா,” என்றேன் நான்.

“மழையிலயா?”

“மைக்குல நம்பர் வர்றதவிட நனையறது மேலு.”

இதைச் சொன்னது நான்தான். எம்.எல்.ஏ. அல்ல. அவரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம், ஏசிக்கொண்டும் இருக்கிறேன். இந்த வாக்கியத்தை மட்டும் அவர் கணக்கில் ஏற்ற முடியாது.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள், அது ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் விட்டு, பனி அடைத்துக்கொண்டது. காலேஜ் பஸ் ஐந்தரை தாண்டித்தான் வளைவில் நின்றிருக்கிறது. என் பெண்ணும் பக்கத்து லயன் பெண் ஒருத்தியும் இறங்கினார்கள். சங்குக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று குறுக்கில் ஏறினார்கள். பக்கத்து லயன் பெண் முன்னால் போனாள். சுவர் சத்தமே போடாமல் வந்தது என்று பிறகு சொன்னாள். திரும்பிப் பார்த்தால் பாதை இல்லை, தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே போய்க்கொண்டிருந்தன. என் பெண்ணின் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. பக்கத்து லயன் பெண் ஃபேக்டரிக்கு ஓடினாள். அங்கே என் வீட்டுக்காரர் மட்டும் இருந்தார், ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்துவதற்காக. அவர் எதையும் யோசிக்கவில்லை. மூன்று முறை ஊதினார். இருபத்தைந்து வருஷமாகக் கைக்குத் தெரிந்தது அதுதான். பின்னால் ஊரே வருகிறது என்ற நினைப்பில் மண்வெட்டியோடு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடினார்.

ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. விளக்கேற்றியது. கமிட்டிப் பையன்கள் லயன் வாசலில் வந்து நின்றார்கள். நான் கடிகார முள்ளைத் தள்ளினேன்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதவில்லை. ஊத ஆள் இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. ஏற்கெனவே ஊதிவிட்டதே.

என் கடிகாரத்தில் ஆறே கால் ஆனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். ஆறரைக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். அப்போது எனக்கு வந்த முதல் பயம் என்ன என்பதை மறைக்கப் போவதில்லை. யாரோ ஒரு பையன் என்று நினைத்தேன். மூன்று நாள் மழை பெய்து மலை ஊறிக் கிடக்கிறது, வயிறு தள்ளி நிற்கும் சுவருக்குக் கீழே வரச் சொல்லி அனுப்பியவள் நான், எனக்கு வந்த பயமோ ஒரு பையனைப் பற்றி. துண்டுப் பிரசுரத்தில் இருந்த பயம் அது. என் சொந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. தன்னுடையதை எனக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பின்கதவைத் தட்டியது ஒரு பெண். சுடிதார் முழுக்கச் சேறு, நெற்றியில் ரத்தமா செம்மண்ணா தெரியவில்லை. என்னிடம் படித்தவள். இரண்டு வருஷமாகத் திருப்பூர் மில்லில் இருக்கிறாள்.

“டீச்சர், கம்பளி குடுங்க. ரெண்டு குடுங்க. பாப்பா மண்ணுல மாட்டிக்கிச்சு. உசுரு இருக்கு, பேசறா.”

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலிலிருந்து கம்பளியை உருவினாள்.

“சங்கு கேக்கலீங்களா டீச்சர்? மூணு ஊதுச்சே.”

“கேட்டுச்சு. ஆறு மணின்னு…”

அவள் கம்பளியைச் சுருட்டிக்கொண்டே திரும்பினாள்.

“ஆறு மணிக்கு எதுக்குங்க டீச்சர் மூணு ஊதறாங்க?”

மில் வேன் லீவுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து கீழ் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது சங்கு கேட்டிருக்கிறது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் டிரைவரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் தோட்டத்தைவிட்டுப் போனது எம்.எல்.ஏ. சங்கைத் தொடுவதற்கு முன்னால். அவர்களுக்கு மூன்று என்றால் இன்னும் மூன்றுதான். பனியில் சரிவு எங்கே என்று தெரியாமல், கத்தின சத்தத்தை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

யாரையும் கூப்பிடத் தோன்றாமல் அவள் பின்னால் ஓடி நான் போனபோது, என் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார், அவள் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாததால். பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியால் மண்ணை அள்ளினார்கள். டிரைவர் வேன் ஜாக்கியைக் கொண்டுவந்து ஒரு கல்லை நெம்பினார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. ஒருத்தி நடுவில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். நான் மண்ணில் மண்டியிட்டு என் பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதடு நீலமாக இருந்தது.

“அம்மா,” என்றாள். “மணி ஆறாயிடுச்சா?”

கேலிக்குக் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவளிடம் கேட்டதும் இல்லை.

தூக்கும்போது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, “பாத்துடி, டீச்சர் பொண்ணு. தப்பாத் தூக்குனா இம்போசிஷன் எழுதச் சொல்லுவாங்க,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் தூக்கியது. மில் வேனின் பின்சீட்டில், அவர்கள் மடியில் படுக்க வைத்துத்தான் அவளைக் கொண்டுபோனோம். மானத்தை ஏற்றிக்கொண்டு போகிற வேன். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இப்போதும் ஏற்றத்தில் நடக்கும்போது அந்தக் காலை ஒரு நொடி தாமதமாகத்தான் வைக்கிறாள்.

லயன் ஆட்களுக்கு எங்கள் வேன் போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாக வந்து அழுதார்கள். சங்குதானேன்னு இருந்துட்டோம் டீச்சர் என்றார்கள். யாரிடமும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. கமிட்டிப் பையன்களில் ஒருவன் மட்டும் என் பக்கத்தில் வராமல் வராண்டாத் தூணோடு நின்று போய்விட்டான்.

எம்.எல்.ஏ.வின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். பச்சைத் தேயிலை விலை பழைய நிலைக்கு வரவில்லை. குறுக்குப் பாதையில் புதுச் சுவர் எழும்பியது, அதில் அவர் பெயர் செதுக்கிய கல் இருக்கிறது. பிறகு தோற்றார், ஒழுக்கம் கெட்டுவிட்டதால் தோற்றதாகச் சொன்னார். ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், சங்கை யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று தெரியாது. இப்போது அவரைக் கல்யாண மண்டபங்களில் முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். ஒருமுறை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். யார் என்று தெரிந்து கும்பிட்டாரா, எல்லாரையும் கும்பிடுகிற கையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது பதினொரு மணி வாக்கில். எல்லாரும் வந்துபோன பிறகு. முன்னால் இரண்டு பேர் வந்து வார்டில் நாற்காலிகளை நகர்த்தினார்கள். ஒருவர் கையில் ஒரு கூடை ஆரஞ்சு. வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். என் பெண் விழித்திருந்தாள், கால் கட்டோடு மேலே தொங்கியது. ஜன்னல் பக்கம் என் வீட்டுக்காரர், விரல்கள் எல்லாம் வீங்கித் துணி சுற்றியிருக்க, எழுந்து நின்றார். இருபத்தைந்து வருஷப் பழக்கம், பெரிய மனிதர்கள் வந்தால் எழுந்து நிற்பது.

நான் எழுந்திருக்கவில்லை. காத்திருந்தேன். ஏதாவது ஒன்று சொல்வார் என்று இன்னும் எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. அந்தப் பாதையைப் பற்றி, சுவரைப் பற்றி, மூன்று ஊதினால் ஆபத்து என்று அன்றைக்குச் சொன்னாரே ஒருவர், அவரைப் பற்றி. குறைந்தபட்சம் கால் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்பார் என்று.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆரஞ்சுக் கூடையைக் கட்டிலின் கால்மாட்டில் வைக்கச் சொன்னார். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“டீச்சரம்மா, வெளிய பேப்பர்காரங்க நிக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிப்போடுங்க. மண்ணு சரிஞ்சது சங்குக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா?”